ஏழு பேருக்கும் ஏழு அப்பா

அப்பா நாற்பத்து மூன்று வயதில் இறந்தார். சித்தப்பா முப்பத்தெட்டில். இரண்டு பேருக்கும் முதலில் விரல் நடுங்கியது, பிறகு கை, பிறகு உதடு. கடைசியில் கால் வீங்கிப் படுத்துவிட்டார்கள். மூன்று வருட இடைவெளியில் அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி போனதைக் கண்டும் கேட்டும் அறிந்த அம்மா, அது அந்த வீட்டு ரத்தம் என்று முடிவு கட்டிவிட்டாள். வேறென்ன முடிவுக்கு வரமுடியும்? அப்போது அவளிடம் இருந்தது ஏழு வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும்தான்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. தபால் பிரிக்கும் அலுவலகத்தில் இருபத்து மூன்று வருட வேலை. கிறுக்கல் முகவரியைப் படிக்க முடியாமல் யார் தவித்தாலும், "அக்காகிட்ட காட்டு" என்பார்கள். பாதி பேருக்கு அவளைவிட வயது அதிகம். ஆனாலும் அவள் அக்காதான். அப்பாவின் வயதைத் தாண்டியும் அவள் கை நடுங்கவில்லை. அதனால் அந்த நோய் ஆண்களுக்கு மட்டும்தான் வரும் என்று வீட்டில் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். அதோடு பயம் முழுவதும் தம்பியின் தலையில் வந்து உட்கார்ந்தது.

தம்பி முடி திருத்துபவன். கடைவீதியில் மூன்று நாற்காலி போட்ட கடை. சவரக் கத்தியைப் பிடிக்கிறவனுக்குக் கை நடுங்கும் என்று சொல்லி வளர்த்தால் அவன் எப்படி இருப்பான்? தினமும் காலையில் ஒரு டம்ளரில் விளிம்பு தளும்பத் தண்ணீர் பிடித்து, குழாயிலிருந்து ஜன்னல் வரை நடந்து பார்ப்பான். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்றால் அன்றைக்குக் கடையைத் திறப்பான். சிந்தினால் மறுபடி நடப்பான். டாக்டரிடம் போக மாட்டான். "போனா சொல்லிடுவாங்க" என்பான். எதைச் சொல்லிவிடுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அவனுடைய கடைக்கு எதிரே ஒரு மருந்துக் கடை. அதை நடத்துகிறவளுக்கும் அவனுக்கும் நான்கு வருடமாகப் பேச்சு, சிரிப்பு, மதிய டீ எல்லாம் உண்டு. கல்யாணம் என்ற சொல் வரும்போது மட்டும் அவனுக்கு வாடிக்கையாளர் வந்துவிடுவார். காரணத்தை அவளிடம் அவன் சொன்னதே இல்லை. அவளும் விட்டுப் போகவில்லை.

இப்படி இருக்கும்போது அம்மா வீட்டுச் சுவரில் ஈரம் கசிந்து, சுவர் அலமாரியைக் காலி செய்ய வேண்டி வந்தது. அம்மா தட்டுகளுக்குச் செய்தித்தாள் விரிக்கிறவள். பழையதை எடுக்கமாட்டாள். அதன் மேலேயே புதிது. அக்கா மேல்தட்டிலிருந்து தாள்களை அடுக்கு அடுக்காக உரித்தாள். வருடங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பலகையோடு ஒட்டினாற்போல, ஒரு தபால் அட்டை கிடந்தது.

அப்பா பெயருக்கு வந்த அட்டை. நாற்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய முத்திரை. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி கோணலாக நடுங்கியிருந்தது. அக்காவுக்கு அதைப் படிக்க இரண்டு நிமிடம் ஆனது.

"அன்புள்ள அண்ணனுக்கு, என் கையில் இப்போது பேனா நிற்பதில்லை. நான் சொல்லச் சொல்ல ஊதல் மாஸ்டர் எழுதுகிறார். அவருக்கும் தொடங்கிவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நிரப்பும் அறையில் ஆறு பேரில் நான்கு பேருக்கு இப்படி. நான் போய்விட்டால் என் இடத்தை உனக்குக் கொடுப்பதாகச் சொல்வார்கள். வாங்காதே. அண்ணி கேட்டால் நான் நலம் என்று சொல். தம்பி."

கீழே ஓரத்தில், 'எழுதியது: ஊதல் மாஸ்டர், மூன்றாம் லைன்' என்று இருந்தது.

அம்மா சமையலறையில் இருந்தாள். அக்கா அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இது எப்ப வந்ததும்மா?"

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அட்டையின் ஒரு மூலையில் இருந்த மைக்கறை அவளுக்கு நினைவிருந்தது.

"உங்க சித்தப்பன் போட்டது. நீ அப்ப நாலு வயசு. உங்கப்பா வாசல்லயே நின்னு படிச்சார். என்னங்க போட்டிருக்குன்னு கேட்டேன். நலமா இருக்கானாம், நம்மளைக் கேட்டிருக்கான்னு சொன்னார். அடுத்த மாசமே அவன் போயிட்டான்."

"அப்புறம் அப்பா?"

"அப்புறம் என்ன, அந்தக் கண்ணாடிக் கம்பெனிக்காரங்க தம்பி வேலைய அண்ணனுக்குக் கொடுத்தாங்க. வீட்டுல வேற வருமானம் இல்ல, போனார். மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போவார். மூணு வருஷத்துல அதே நடுக்கம். இங்க வந்து படுத்தவர்தான்." அம்மா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "என்ன எழுதியிருக்கு?"

"சொல்றேம்மா. கொஞ்சம் பொறு" என்றாள் அக்கா. அவளுக்கு அப்போது ஒரே ஒரு விஷயம்தான் மண்டைக்குள் ஓடியது. சித்தப்பாவுக்கு நடுங்கியது சரி, ரத்தம். இந்த ஊதல் மாஸ்டர் யார்? அவருக்கு ஏன் நடுங்கியது?

மறுநாள் அவள் தம்பியின் கடைக்குப் போனாள். அவன் ஒருவருடைய தாடியை வழித்து முடிக்கும் வரை காத்திருந்து அட்டையைக் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு, கத்தியைத் துடைத்து மடித்து வைத்தான்.

"இவரும் நமக்கு ஏதாவது சொந்தமா இருக்கும்" என்றான்.

"சொந்தக்காரரை எவன்டா மாஸ்டர்னு கூப்பிடுவான்?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, அக்கா?"

"தெரியாம நாப்பது வருஷம் என்ன ஆச்சு? செவ்வாய்க்கிழமை உனக்கு லீவுதானே. கிளம்பு."

முத்திரையில் ஊர்ப்பெயர் பாதி அழிந்திருந்தது. மீதி எழுத்துகளையும் அலுவலக எண்ணையும் வைத்து, பழைய தபால் நிலையப் பட்டியலில் அக்கா அந்த ஊரைப் பிடித்துவிட்டாள். ரயிலில் ஆறு மணி நேரம். அப்பா மாதாமாதம் வந்துபோன அந்தத் தூரத்தை அவர்கள் ஒரு தடவைகூடப் போனதில்லை. தம்பி வழியெல்லாம் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தான்.

அந்த ஊர்த் தபால் நிலையத்தில் இருந்த பெரியவர் அட்டையைப் பார்த்ததும் சொன்னார். "மூணாம் லைன்னா தெர்மாமீட்டர் கம்பெனி குடியிருப்பு. கம்பெனி மூடி முப்பது வருஷமாச்சு. இப்ப அங்க லாரி நிறுத்துறாங்க."

"கண்ணாடிக் கம்பெனின்னுல்ல எங்கம்மா சொன்னாங்க?" என்றாள் அக்கா.

"கண்ணாடிதான். உள்ள பாதரசம் ஊத்தின கண்ணாடி."

தம்பி பையிலிருந்து கையை எடுத்தான்.

பெரியவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, நகராட்சியில் இறப்புப் பதிவேடு பார்க்கலாம். இரண்டு, மூன்றாம் லைனில் பிறந்தவர்களில் ஊரில் மிஞ்சியிருப்பது ஒரே ஆள், கார் ஓட்டப் பழகிக் கொடுக்கும் ஓர் அம்மாள். "பிரேக் டீச்சர்னு கேளுங்க, சின்னக் குழந்தைகூடக் காட்டும். ஆனா சாயங்காலம்தான் பிடிக்க முடியும். பகல்ல அவங்க ரோட்டுல இருப்பாங்க."

முதலில் நகராட்சிக்குப் போனார்கள். பதிவேட்டு எழுத்தர், சளி பிடித்த ஒரு பெண்மணி, சித்தப்பாவின் இறப்புச் சான்று வேண்டும் என்றதும் விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டு தடித்த புத்தகங்களை எடுத்து வைத்தாள். "நான் வருஷத்தை எடுத்துத் தர்றேன். தேடுறது உங்க பாடு. எனக்குத் தும்மினா நிக்காது" என்றாள்.

சித்தப்பா முதல் புத்தகத்திலேயே கிடைத்தார். பெயர், தந்தை பெயர், வயது, முகவரி, காரணம். காரணம் என்ற இடத்தில் 'கை கால் நடுக்கம், வீக்கம்' என்று இருந்தது. அக்கா அதோடு நிறுத்தவில்லை. முகவரிக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மூன்றாம் லைன். இரண்டாம் லைன். மறுபடி மூன்றாம் லைன். நான்கு வருடப் புத்தகங்களைப் பார்த்து முடித்தபோது அவளுடைய தாளில் ஏழு பேர் இருந்தார்கள். எல்லோரும் ஐம்பதைத் தொடாத ஆண்கள். எல்லோருக்கும் காரணம் அதே நடுக்கம், அதே வீக்கம்.

தம்பி தாளை எட்டிப் பார்த்தான்.

"தந்தை பெயரைப் படி" என்றாள் அக்கா.

அவன் ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தான். ஒன்றுகூட இன்னொன்றோடு சேரவில்லை. அவர்களுடைய தாத்தாவின் பெயர் சித்தப்பாவுக்கு நேராக மட்டும் இருந்தது.

"ஏழு பேருக்கும் ஏழு அப்பா" என்றான் மெதுவாக.

"ஆமா. ஏழு வீட்டு ரத்தமும் ஒரே ரத்தமா, சொல்லு?"

அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். எழுத்தர் அவனைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "இங்க வந்து பேர் பார்த்துட்டு நிறைய பேர் இப்படித்தான் உட்காருவாங்க. குடிங்க" என்றாள்.

பிரேக் டீச்சரை ஐந்து மணிக்குப் பிடித்தார்கள். அறுபது வயது, குட்டையான உருவம், காலில் கான்வாஸ் ஷூ. பயிற்சிக் காரில் அவருடைய பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் எப்போதும் கால் இருக்கும். அதனால் வந்த பெயர். அட்டையை அவர் கையில் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடைசி வரியில் அவர் உதடு மடிந்தது.

"இது எங்கப்பா எழுத்து. ஊதல் மாஸ்டர் எங்கப்பாதான்" என்றார்.

அவருடைய வீட்டு முன்னறையில் நாற்காலியெல்லாம் சாலை விதிப் புத்தகங்கள். அவற்றை ஒதுக்கி உட்காரச் சொன்னார். பிறகு நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

"அப்பா கண்ணாடிக் குழாய் ஊதுவார். ஊதினதைப் பக்கத்து அறைக்கு அனுப்புவாங்க. அதுதான் நிரப்பும் அறை. அங்க ஜன்னலைத் திறக்கவே விடமாட்டாங்க, தூசு விழுந்துடுமாம். பாதரசம் தரையில உருண்டு கிடக்கும். நாங்கல்லாம் சாப்பாடு கொண்டுபோவோம்ல, அப்ப அந்த மணியைப் பொறுக்கித் தட்டுல உருட்டி விளையாடுவோம். அழகா இருக்கும். அது ஆவியாகி மூச்சுல போய் ஆளைத் தின்னும்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சவங்க சொல்லல."

"உங்கப்பா?" என்று தம்பி கேட்டான். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டான்.

"எழுபத்தி நாலு வயசு வரைக்கும் இருந்தார்."

"நடுக்கம்?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். உங்க சித்தப்பாவுக்காக இந்தக் கார்டு எழுதுறப்பதான் தன் கையையே முதல் தடவை ஒழுங்காப் பார்த்தேன்னு அப்பா சொல்வார். அதுவரைக்கும் தூக்கம் போதலைன்னு நினைச்சிட்டிருந்தாராம். ரெண்டே வாரத்துல வேலைய விட்டுட்டார். வெளியூர் போய்ப் பால் வண்டி ஓட்டினார். திறந்த வெளி, நல்ல காத்து. ரெண்டு மூணு வருஷத்துல நடுக்கம் போயிடுச்சு. எழுபது வயசுல எனக்கு ஊசி கோத்துக் கொடுத்திருக்கார், தம்பி."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அறையில் அவ்வளவு வெக்கை இல்லை.

"உங்களுக்கு? உங்க கூடப் பிறந்தவங்களுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"நாங்க மூணு பேர். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. என் கை நடுங்கினா இந்த ஊர்ல எத்தனை பேர் மின்கம்பத்துல மோதியிருப்பாங்க?" அவர் சிரித்தார். பிறகு அட்டையைப் பார்த்துக் கேட்டார். "உங்கப்பா இங்க வரலதானே? அப்பாவுக்கு அதுல ஒரு திருப்தி. மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியல, அந்த அண்ணனை மட்டும் வரவிடாம தடுத்துட்டேன்னு சொல்வார்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பிதான் சொன்னான்.

"வந்தார்மா. மூணு வருஷம் வேலை பார்த்தார்."

டீச்சர் அட்டையை மடியில் வைத்து, அப்பாவின் எழுத்தை விரலால் தடவினார்.

"ஆனா உங்கப்பா எழுதினது வீண் போகல" என்றான் அவன். "அவருக்குப் போய்ச் சேர வேண்டியது எனக்கு வந்து சேர்ந்திருக்கு. அவ்வளவுதான்."

திரும்பி வரும் ரயிலில் அவன் கை பைக்குள் போகவில்லை. அக்காவிடம் வேர்க்கடலைப் பொட்டலத்தை வாங்கி உரித்து உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தான். நடுவில் ஒருமுறை, "நான் டாக்டர்கிட்ட போறேன்" என்றான். "நானும் வரட்டுமா?" என்று அவள் கேட்டதற்கு, "நீ இல்லாம எப்படி?" என்றான்.

நரம்பு டாக்டர் அவனைவிட இளையவள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னாள், கோட்டின் மேல் நடக்கச் சொன்னாள், தாளில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னாள். அவன் வரைந்ததைப் பார்த்து, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டாள். சொன்னதும், "அதான்" என்றாள். பிறகு அட்டை, ஏழு பேர் தாள், டீச்சர் சொன்னது என்று எல்லாவற்றையும் அக்கா வரிசையாக மேசையில் வைத்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்கப்பாவை நான் பார்க்கல. அதனால நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன். ஆனா நீங்க சொல்றது மொத்தமும் பாதரச விஷத்துக்குப் பொருந்துது. நடுக்கம், அப்புறம் கிட்னி கெட்டு வீக்கம். அது வேலை செஞ்ச இடத்துல வர்றது. பரம்பரையா வர்றது இல்ல. உங்க கையில எனக்கு ஒரு குறையும் தெரியல."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இருக்கே. பிரஷர் கொஞ்சம் அதிகம். உப்பைக் குறைங்க."

வெளியே வந்ததும் தம்பி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டான். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அக்கா குனிந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "உப்பாம், அக்கா" என்றான். மறுபடி சிரித்தான். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கும் வரை சிரித்தாள்.

அன்று மாலையே அம்மாவுக்கு அட்டையைப் படித்துக் காட்டினார்கள். அம்மா முழுவதும் கேட்டாள். 'அண்ணி கேட்டால் நான் நலம் என்று சொல்' என்ற இடம் வந்ததும், "நிறுத்து" என்றாள்.

"அதை மட்டும்தான் உங்கப்பா எனக்குச் சொன்னார்" என்றாள். "மிச்சத்தைச் சொன்னா நான் போக விட்டிருக்கமாட்டேன். அது தெரிஞ்சு மறைச்சிருக்கார். நான் அந்த வீட்டு ரத்தம், வம்சம்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். உன்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வளர்த்தேன்." அவள் தம்பியின் வலது கையை எடுத்துப் புறங்கையைத் தடவினாள். "இதுக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராதும்மா."

"டாக்டர் வாயாலயே சொன்னாங்களா?"

"வாயாலயே சொன்னாங்க. அக்கா சாட்சி."

அம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "அப்ப அந்த மருந்துக் கடைப் பொண்ணுகிட்ட எப்ப பேசப்போற? அவளுக்கு மட்டும் வயசு நின்னுட்டிருக்கா?" என்றாள். அம்மாவுக்கு இது தெரியும் என்பதே தம்பிக்கு அப்போதுதான் தெரியும்.

அவன் மறுநாள் மதியம் எதிர்க்கடைக்குப் போய், டீ ஆறும் வரை எல்லாவற்றையும் சொன்னான். மருந்துக் கடைக்காரி முழுவதையும் கேட்டுவிட்டு, கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். அவன் பயந்துதான் போனான்.

"நாலு வருஷமா உனக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள்.

"எனக்கு உன்னையா? நான் வேற என்னத்தை நினைச்சேன்னா..."

"நீ என்ன நினைச்சேன்னு இப்பதானே சொல்ற. எதிர்க்கடையில மருந்து விக்கிறவ உட்கார்ந்திருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணல." கோபம்தான். ஆனால் கண் நிறைந்திருந்தது. தப்பு தன்னுடையதுதான் என்றான் அவன். அவள் அன்றைக்கு மன்னிக்கவில்லை, மறுநாள் மன்னித்தாள். இரண்டு மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பிரேக் டீச்சர் ஆறு மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்கு அதோடு முடியவில்லை. அந்தத் தாளில் சித்தப்பா போக இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த வீடுகளிலும் யாராவது யாருடைய கையையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். டீச்சர் பழைய குடியிருப்புக்காரர்களை விசாரித்து விசாரித்து நான்கு வீட்டு முகவரியைத் தேடி எடுத்தார். அக்கா நான்கு பேருக்கும் விவரமாகக் கடிதம் எழுதி, டாக்டரின் பெயரையும் தன் தொலைபேசி எண்ணையும் குறிப்பிட்டு அனுப்பினாள்.

ஒன்று ஆளில்லை என்று திரும்பி வந்தது. இரண்டுக்குப் பதில் இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து, அவள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நீங்க எழுதின கடிதம் கிடைச்சுது" என்றாள் ஒரு பெண். குரல் எச்சரிக்கையாக இருந்தது. "எங்க தாத்தா அந்தக் கம்பெனியிலதான் இருந்தார். என் அண்ணனுக்கு அடுத்த மாசம் நாப்பது. வீட்டுல யாரும் அவன் கையைப் பார்க்காம நிம்மதியாச் சாப்பிடறதில்ல. நீங்க எழுதினது நிஜமா?"

அக்கா சாப்பாட்டை மூடி வைத்தாள்.

"நிஜம்தான். முதல்ல உட்காருங்க" என்றாள். "பக்கத்துல உங்க அண்ணன் இருந்தா அவரையும் கூப்பிடுங்க. ஆரம்பத்துல இருந்து சொல்றேன்."